அசையும் வால்பேப்பரின் நிறத்திலேயே கீபோர்டும் மவுஸும் ஒளிர

விண்டோஸில் இதற்கு எளிய வழி, ஸ்டீம் என்ற கேம் கடையில் கிடைக்கும் வால்பேப்பர் எஞ்சின் என்ற அசையும் வால்பேப்பர் ஆப். ரேசரின் க்ரோமா, கோர்சேரின் ஐக்யூ என்ற இரண்டு விளக்கு அமைப்புகளையும் அது நேரடியாக இயக்கும். மற்ற பிராண்டுகளுக்கு, பல நிறுவனங்களின் விளக்குகளை இயக்கும் ஓப்பன்ஆர்ஜிபி என்ற இலவச சாஃப்ட்வேர்.

முதலில் கீபோர்டு நிறுவனத்தின் சாஃப்ட்வேரை நிறுவுங்கள். ஐக்யூவில் எஸ்டிகே அனுமதி (பிற சாஃப்ட்வேர் விளக்கை இயக்க விடுவது) ஆன் ஆகியிருக்க வேண்டும். ரேசரில் அதன் சாஃப்ட்வேரான சினாப்ஸோடு க்ரோமாவும் தேவை. க்ரோமா ஆப்ஸ் பட்டியலில் வால்பேப்பர் எஞ்சினுக்கு அனுமதி கொடுங்கள். பிறகு வால்பேப்பர் எஞ்சின் செட்டிங்ஸில் ப்ளகின்ஸ் பகுதிக்குப் போய் எல்இடி ப்ளகினை இயக்கி, இரண்டு சாஃப்ட்வேரையும் ஒருமுறை மூடித் திறங்கள்.

விளக்கு மாறவே இல்லையா, மினுக்குகிறதா? ஒரே விளக்கை இரண்டு சாஃப்ட்வேர்கள் பிடித்து இழுப்பதுதான் பெரும்பாலும் காரணம். விண்டோஸ் 11-இல் பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு: செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், டைனமிக் லைட்டிங். அது ஆனில் இருந்தால் விண்டோஸே விளக்கை எடுத்துக்கொள்ளும். அணைத்துவிடுங்கள். கேம் திறந்ததும் நிறம் உறைந்து நின்றால் பழுது என்று நினைக்க வேண்டாம். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ஃபுல்ஸ்க்ரீன் ஆப்புக்கு பாஸ் (Pause, இடைநிறுத்தம்) என்று இருக்கும், வால்பேப்பரே நின்றிருக்கும்.

வால்பேப்பர் தேர்வில்தான் பாதி அழகு இருக்கிறது. கீபோர்டில் நூறு சொச்சம் விளக்குகள்தான். நுணுக்கமான ஓவியம் அதில் வெறும் கலங்கலாகத் தெரியும். வெளிர் நிறங்கள் எல்இடியில் வெள்ளையாகிவிடும், கருமையான காட்சியில் கீபோர்டே அணைந்தது போலிருக்கும். அடர்ந்த இரண்டு மூன்று நிறங்கள் மெதுவாக நகரும் காட்சியே நன்றாக எடுபடும். சொந்தமாக வெப் வால்பேப்பர் எழுதுவோருக்கு, விளக்குக்கு அனுப்பும் கேன்வாஸ் 100 × 20 பிக்சல் இருந்தால் போதும். பெரிதாக்கினால் சிபியுவுக்குத்தான் வேலை கூடும்.

ஓப்பன்ஆர்ஜிபி வழியில் எஃபெக்ட்ஸ் ப்ளகினைச் சேர்த்து ஆம்பியன்ட் எஃபெக்டைத் தேர்ந்தெடுங்கள். ப்ளகின், ஓப்பன்ஆர்ஜிபி இரண்டின் பதிப்பும் பொருந்தாவிட்டால் ப்ளகின் ஏறாது. நிறுவனத்தின் சாஃப்ட்வேரை ட்ரேயிலிருந்தும் (கடிகாரத்தின் பக்கத்து ஐகான்கள்) மூடிவிடுங்கள். ஆம்பியன்ட் எஃபெக்ட் வால்பேப்பரை அல்ல, திரையைப் படிக்கிறது. மேலே பிரவுசர் திறந்திருந்தால் அதன் வெள்ளைதான் கீபோர்டில் வரும். ரேம் விளக்குகள் எஸ்எம்பஸ் என்ற மதர்போர்டின் மெதுவான தொடர்பு வழியாக இயங்குவதால் கீபோர்டைவிடப் பின்தங்கும். அவற்றுக்கு நிலையான ஒரு நிறம் கொடுப்பதே நல்லது.