டர்ட்டி கவ்: எங்கள் சர்வரில் ஓட்டையை அடைத்த விதம்

2016 அக்டோபரில், லினக்ஸின் மையப் புரோகிராமான கெர்னலில் இருந்த டர்ட்டி கவ் என்ற பாதுகாப்பு ஓட்டை (அதன் பதிவு எண், அதாவது சிவிஇ எண்: சிவிஇ-2016-5195) வெளியானபோது, பலர் லாகின் செய்யும் லினக்ஸ் சர்வர் ஒன்று என் பொறுப்பில் இருந்தது. சாதாரணக் கணக்கு இருந்தாலே ரூட் (முழு அதிகாரமுள்ள கணக்கு) ஆகிவிடலாம் என்பதால் தள்ளிப்போட வழியில்லை.

படிக்க மட்டும் அனுமதியுள்ள ஃபைலை மெமரியில் பிரைவேட்டாக மேப் செய்து (அதாவது, மாற்றங்கள் அசலுக்குப் போகாதபடி மெமரியோடு இணைத்து) எழுதப் போனால், கெர்னல் தனி நகல் எடுத்துத்தான் எழுத வேண்டும். தாக்குபவரின் புரோகிராமிலோ ஒரு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளில் ஒன்று) விடாமல் எழுதிக்கொண்டிருக்கும். இன்னொன்று, மெமரி பற்றிக் கெர்னலிடம் சொல்லும் எம்அட்வைஸ் அழைப்பால் ‘நகல் வேண்டாம்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். நகல் எடுத்த பின், எழுதும் முன், அந்த இடுக்கில் நகல் போய்விட்டால் எழுதுவது நேராக அசல் ஃபைலின் பேஜ் கேஷில் (ஃபைலுக்காகக் கெர்னல் மெமரியில் வைத்திருக்கும் பகுதியில்) விழும். 2007இல் வந்த 2.6.22 கெர்னல் பதிப்பு முதலே இது இருந்ததுதான் கொடுமை!

ஓட்டையை அடைத்த கெர்னலுக்கான அப்டேட் சிக்கலில்லாமல் முடிந்தது. ஆனால் ஓடும் கெர்னலின் பதிப்பைச் சொல்லும் ‘யூநேம்’ கமாண்ட் பழைய கெர்னலையே காட்டியது. ரீபூட் ஆகும்வரை ஓடுவது பழையதுதானே. எல்லோருக்கும் சொல்லிவிட்டு இரவில் ரீபூட் செய்தேன்.

அப்புறம், பதிப்பு எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. மூலக் கெர்னலில் திருத்தம் 4.8.3, 4.7.9, 4.4.26 பதிப்புகளில் வந்தது. ஆனால் உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் டிஸ்ட்ரோக்கள் அதைத் தங்கள் பழைய பதிப்பிலேயே சேர்த்துவிடும். அதனால் கெர்னல் பேக்கேஜின் சேஞ்ச்லாகில் (மாற்றங்களின் பட்டியலில்) சிவிஇ எண்ணைத் தேடித்தான் உறுதிசெய்தேன்.