முதியோர் கொடுமை வழக்குகள்: மருத்துவம், காவல், சமூகப் பணி, சட்டம் என நாலு துறையும் சேர்ந்து செய்யும் தவறுகள்

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க" என்று, காயத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்த வயதான அம்மாவைப் பற்றிக் கூட வந்த மகன் சொல்வார். டாக்டர் அதை அப்படியே சீட்டில் எழுதுவார். காவல் நிலையத்தில் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, "விழுந்ததாத்தானே போட்டிருக்கு" என்று திருப்பி அனுப்புவார்கள். முதியோரின் பராமரிப்பு மனுக்களை விசாரிக்கும் கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்துக்குப் போகும்போதும் அதே வரிதான் நிற்கும். இத்தனை பேர் பார்த்தும், அந்த அம்மாவைத் தனியாக உட்காரவைத்து யாருமே கேட்டிருக்க மாட்டார்கள். முதல் தவறும் பெரிய தவறும் இதுதான்.

மகனை மருந்து வாங்க அனுப்பிவிட்டுக் கேளுங்கள். "உங்களை அடிக்கிறாங்களா?" என்று எடுத்த எடுப்பில் கேட்டால், பெற்ற பிள்ளையை எந்தத் தாயும் லேசில் காட்டிக்கொடுக்க மாட்டார். "காலையில என்ன சாப்பிட்டீங்க? பென்ஷன் வர்ற ஏடிஎம் கார்டு யார்கிட்ட இருக்கு? ராத்திரி எங்க படுப்பீங்க?" என்று கேட்டால் பேச்சு தானாக வரும். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதி, காயம் எங்கே, எவ்வளவு பெரியது என்பதையும் குறித்துவிட்டால், அடுத்தடுத்து வருபவர்கள் அவரை மறுபடி மறுபடி குடைய வேண்டியதில்லை.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. முன்கையில் கன்றிப்போன திட்டுகளைப் பார்த்ததுமே அடித்திருக்கிறார்கள் என்று சமூகப் பணியாளர் முடிவுகட்டக் கூடாது. வயதானவர்களின் மெல்லிய தோலில், அதுவும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால், லேசாக இடித்தாலே கன்றும். திட்டின் நிறத்தை வைத்து எத்தனை நாள் காயம் என்று சொல்வதும் நம்பத்தக்கதல்ல. டாக்டரைக் கேட்காமல் புகார் எழுதினால், உண்மையான வழக்கும் அடிபட்டுப்போகும்.

"பெரியவருக்குப் புத்தி சரியில்லை" என்று போலீஸ் எழுதி முடித்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. சிறுநீர்த் தொற்றோ, உடம்பில் நீர் வற்றியதோகூடத் திடீர்க் குழப்பத்தைக் கொடுக்கும். சிகிச்சைக்குப் பிறகு அதே மனிதர் தெளிவாகப் பேசுவார். மறுபடி போய் வாக்குமூலம் வாங்குங்கள்.

சொத்து விஷயத்தில்தான் அதிகம் கோட்டைவிடுகிறோம். பிள்ளைகள் வீட்டைத் தான செட்டில்மென்ட் (இனாமாகக் கொடுக்கும் பத்திரம்) எழுதி வாங்கியபின் சோறு போடாத வழக்கில், ஜீவனாம்சம் (மாதாமாதம் தரும் பராமரிப்புப் பணம்) மட்டும் கேட்டு மனு போடுகிறார்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு தீர்ப்பு, இந்தச் சட்டத்துக்குத் தாராளமாகப் பொருள் கொள்ளச் சொன்னது. ஆகவே, மனு எழுதும் முன்பே பத்திர நகலை வாங்கி வக்கீலிடம் காட்டிவிடுங்கள். முதியவரால் மனு போட முடியாவிட்டால், அவர் அதிகாரம் கொடுத்த வேறொருவரோ அமைப்போ போடலாம். என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர்களுக்கு 14567 என்ற உதவி எண் இருக்கிறது.

சமரசம் பேசிக் கையெழுத்து வாங்கியதும் கோப்பை மூடிவிடுவது கடைசித் தவறு. அந்த அம்மா திரும்பிப் போவது அதே வீட்டுக்குத்தான். அடுத்த வாரம் யார் போய்ப் பார்ப்பது என்பதைப் பெயர் போட்டு முடிவுசெய்யுங்கள். ஜீவனாம்ச ஆணை வந்திருந்தால், மாதாமாதம் பாஸ்புக்கைப் பாருங்கள். பணம் ஏறவில்லை என்றால், அது சேர வேண்டிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்தால்தான் வசூலுக்கு வாரண்ட் கிடைக்கும்.