ஐந்து வரியில் நையாண்டி: குறும்பா எழுதத் தொடங்குபவர்களுக்கு

மட்டக்களப்பில் கொம்புமுறி விளையாட்டு என்றால் வடசேரி, தென்சேரி என்ற இரு கட்சியும் கொம்பை இழுத்து முறிப்பதோடு நிற்பதில்லை, ஒருவரையொருவர் கேலி பண்ணிப் பாட்டும் கட்டுவார்கள். அந்தக் குத்தலை ஐந்து வரிக்குள் அடக்க நல்ல வடிவம் குறும்பா. ஆங்கில லிமரிக்கை (ஐந்து வரி வேடிக்கைப் பாட்டு) தமிழ் யாப்புக்கு ஏற்ப வார்த்தவர் அளவெட்டியில் பிறந்த மகாகவி (து. உருத்திரமூர்த்தி, 1927–1971). அவருடைய 'குறும்பா' 1966இல் நூலாக வந்தது.

முதலில் அளவு. ஒலித்துண்டு அசை, அசைகள் சேர்ந்தது சீர். குறிலோ நெடிலோ தனியாக வந்தாலும் மெய் சேர்ந்து வந்தாலும் அது நேரசை. 1, 2, 5ஆம் வரிகளுக்கு மூன்று சீர், 3, 4ஆம் வரிகளுக்கு இரண்டு சீர். மூன்று சீர் வரிகள் தேமாவில், அதாவது இரண்டு நேரசையில் முடியும் (கா+ணும்), மூன்றுக்கும் ஒரே இயைபு (வரிக் கடைசி ஒலி ஒத்துவருவது). மற்றச் சீரெல்லாம் காய்ச்சீர், அதாவது மூன்று அசை, கடைசி அசை நேர் (மந்+திரிக்+கு).

மந்திரிக்கு நேரமெங்கே காணும்?
மாலைபோயும் பேசவேதான் தோணும்
குந்தியவன் ஒருவன்தான்
வந்தணைத்தார், அவன்சொன்னான்:
"தந்திடுங்கோ, என்மைக்கு வேணும்!"

எழுதும்போது ஐந்தாம் வரியிலிருந்து தொடங்குங்கள். சிரிப்பு அங்கேதான் இருக்கிறது: கடைசிவரை குந்தியிருந்தவன் பேச்சைக் கேட்க இருக்கவில்லை, தன் மைக்கை வாங்கிப் போகத்தான் இருந்தான். அது கிடைத்ததும் அதன் கடைசிச் சொல்லுக்கு இயைபாக இன்னும் இரண்டு சொல் தேடுங்கள்: வேணும், காணும், தோணும். இரண்டு சொல் அகப்படாவிட்டால் கடைசி வரியையே திருப்பி எழுத வேண்டும். இயைபுக்காகப் பொருந்தாத சொல்லைச் செருகினால் கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது எதுகை, அதாவது இரண்டாம் எழுத்து ஒத்துவருவது. 'அமைச்சருக்கு' என்பதும் காய்ச்சீர்தான், ஆனால் குந்தி, வந்து, தந்து என்பவற்றோடு சேராது. அதனால்தான் இங்கே மந்திரி. இரண்டாம் வரிக்கு எதுகை வராதபோது மோனை, அதாவது முதலெழுத்து ஒத்துவருவது போதும் (ம, மா).

தொடங்குபவர்கள் அதிகம் சறுக்குவது 3, 4ஆம் வரிகளில். 'மைக்' அங்கேயே தலைகாட்டினால் ஐந்தாம் வரிக்கு வேலையில்லை. கேலிக்குரிய பொருளைக் கடைசிவரை ஒளித்து வையுங்கள். குற்றத்தின் பெயரையும் சொல்ல வேண்டாம். நாகைச் சத்திரத்தைப் பாடிய காளமேகம் 'தாமதம்' என்று வாய் திறக்கவில்லை: அரிசி வருவது பொழுது சாயும்போது, உலையில் இடுவது ஊர் அடங்கும்போது, இலையில் சோறு விழுவது விடிவெள்ளி எழும்போது. அவ்வளவுதான், சத்திரத்தின் மானம் போய்விட்டது.

ஆளின் நிறம், உடம்பு, சாதி, சமயம் எதையும் தொடாதீர்கள். செய்கையை மட்டும் பிடியுங்கள். அதைவிட்டால் நையாண்டி வெறும் வசையாகிவிடும்.

கடைசியாக, கைத்தாளம் போட்டு வாய்விட்டுப் படியுங்கள். 'அரசாங்கத்தின்' போன்ற நாலசைச் சொல்லில் தாளம் தடுக்கும். 'அரசாங்கம்' என்று குறைத்தால் புளிமாங்காய் என்ற காய்ச்சீராகி ஓடும்.