சர்வர் கன்சோலில் எழுத்தே வரவில்லையா? முதலில் 2, 3 பின்களை இணைத்துப் பாருங்கள்

லேப்டாப்பிலிருந்து யூஎஸ்பி கன்வர்ட்டர் வழியாகச் சர்வரின் கன்சோல் போர்ட்டுக்கு (எழுத்து வடிவில் சர்வரை இயக்கும் வழி) போகும் சீரியல் கேபிளின் சர்வர் பக்க முனையைக் கழற்றி, அதன் 2, 3 எண் துளைகளில் U வடிவில் வளைத்த மெல்லிய கம்பியைச் செருகுங்கள். எண்கள் துளை ஓரத்தில் பொடியாக அச்சாகியிருக்கும், டார்ச் அடித்தால்தான் தெரியும். லேப்டாப்பில் டெர்மினலைத் திறந்து, லோக்கல் எக்கோவையும் (அடித்ததை லேப்டாப்பே திரையில் காட்டும் வசதி) ஃப்ளோ கன்ட்ரோலையும் (எதிர்முனை தயாரா என்று பார்த்தே அனுப்பும் முறை) அணைத்துவிட்டுத் தட்டச்சு செய்யுங்கள். அடித்தது அப்படியே திரையில் வந்தால் யூஎஸ்பி கன்வர்ட்டர், டிரைவர், கேபிள் மூன்றும் சரி. சர்வரை அதன்பிறகு சந்தேகப்படலாம்.

ஒன்பது பின் சீரியல் போர்ட்டில் 2, 3 ஆகிய இரண்டில் ஒன்று அனுப்பும் பின், மற்றது பெறும் பின். இரண்டையும் சேர்த்தால் அனுப்பிய சிக்னல் அப்படியே திரும்பி வரும். ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோல் அணையாவிட்டால் 7, 8 பின்களையும் சேர்த்தாக வேண்டும். இல்லையேல் நல்ல கேபிளும் பழுதானதுபோல் மௌனமாக இருக்கும்.

இந்தச் சோதனையில் பிடிபடாதவை இரண்டு. அனுப்புவதும் பெறுவதும் ஒரே போர்ட் என்பதால் லேப்டாப்பின் பாட் ரேட் (அனுப்பும் வேகம்) 9600, சர்வருடையது 115200 என்பது போன்ற வேறுபாடு தெரியாது. நேர் கேபிளா, அனுப்பும் கம்பியும் பெறும் கம்பியும் இடம் மாறிய நல் மோடம் (null modem) கேபிளா என்பதும் தெரியாது, இரண்டிலுமே எழுத்து திரும்பி வரும்.

ஆர்ஜே-45 வடிவக் (நெட்வொர்க் கேபிள் செருகும் துளை போன்ற) கன்சோல் போர்ட்டுக்கு இந்த எண்கள் பொருந்தாது. அதன் பின் வரிசை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், கையேட்டைப் பாருங்கள். லாகின் புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் போர்ட்டில் நேரடியாகக் கம்பி வைக்காதீர்கள். சர்வர் தான் அனுப்பிய லாகின் வரியையே பதிலாக எடுத்துக்கொண்டு, லாக் ஃபைல் முழுக்கத் தோல்வியடைந்த முயற்சிகளாக நிரப்பிவிடும்.