பழைய அமெரிக்க இசைத்தட்டுகளை எண் வைத்துத் தேடுவது

ராக் அண்ட் ரோல் தொடங்கிய காலத்து அமெரிக்கத் தட்டுகளையோ, அதற்கும் முந்தியவற்றையோ பாடகர் பெயரை வைத்துத் தேடினால் பாதி நேரம் கைக்குச் சிக்காது. 1951-இல் செஸ் கம்பெனி வெளியிட்ட ‘ராக்கெட் 88’ தட்டின் லேபிளில் ஜாக்கி பிரென்ஸ்டன், டெல்டா கேட்ஸ் என்றுதான் இருக்கும். வாசித்ததோ ஐக் டர்னரின் குழு. பாடிய பிரென்ஸ்டன் அதில் சாக்ஸபோன்காரர். டர்னர் பெயரைத் தேடி லேபிள்களைப் புரட்டினால் இதைத் தாண்டிப் போய்விடுவோம். எண் அப்படி ஏமாற்றாது.

லேபிளில் பெரிதாக அச்சிட்டிருப்பது விற்பனை எண். அதைவிட முக்கியம் மேட்ரிக்ஸ் எண், அதாவது பதிவுக்குக் கம்பெனி வைத்த எண். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனியாக, ஊசி ஓடும் பள்ளம் முடிந்து லேபிள் தொடங்குமுன் உள்ள வழுவழுப்பான வளையத்தில் கீறியோ குத்தியோ இருக்கும். நேராகப் பார்த்தால் தெரியாது. டார்ச்சைத் தட்டோடு படுக்கவைத்து அடித்து, தட்டை மெல்லத் திருப்புங்கள். ஏதோ ஒரு கோணத்தில் எழுத்து எழும்பி நிற்கும். கடைசியில் ‘-2’ என்றிருந்தால் இரண்டாவது டேக், அதாவது அதே பாட்டை இரண்டாம் முறை பதிந்தது. விக்டர் கம்பெனித் தட்டுகளில் டேக் எண் தனியாக, 9 மணி காட்டும் இடத்தில் இருக்கும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்: பாட்டும் விற்பனை எண்ணும் ஒன்றாக இருந்து டேக் மாறினால் அது வேறு பதிவு.

சாண்டா பார்பராவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் நடத்தும் ‘டிஸ்கோகிராபி ஆஃப் அமெரிக்கன் ஹிஸ்டாரிக்கல் ரெகார்டிங்ஸ்’ தளத்தில் இந்த எண்ணைப் போடுங்கள். விக்டர், கொலம்பியா, பிரன்ஸ்விக், டெக்கா என்றால் பதிவான நாளும் ஊரும் கிடைக்கும். பல நேரம் வாசித்தவர்கள் பெயர்கூட வரும். சின்ன கம்பெனிகளின் 45-களுக்கு (நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றும் தட்டுகள்) 45கேட், டிஸ்காக்ஸ் தளங்கள். பாட்டைக் கேட்க இன்டர்நெட் ஆர்க்கைவ். அங்கே பல 78-களை (நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய அரக்குத் தட்டுகள்) நான்கு அளவு ஊசிகளால் தனித்தனியாகப் பதிந்திருக்கிறார்கள். முதல் கோப்பு கரகரத்தால் மற்றதையும் கேட்டுப் பாருங்கள்.

ஸ்ட்ரீமிங்கில் கவனம் வேண்டும். பல பாடகர்கள் தங்கள் ஹிட்டுகளைப் பின்னாளில் வேறு கம்பெனிக்கு மறுபடி பாடிக் கொடுத்தார்கள்; அதுதான் பழைய அட்டைப் படத்தோடு அங்கே உட்கார்ந்திருக்கும். 1954-இல் மோனோவாக (ஒற்றைச் சேனலில்) வந்த பாட்டு தெளிவான ஸ்டீரியோவில் ஒலித்தால் சந்தேகப்படுங்கள்.

1942-ஐ ஒட்டிய தட்டுகள் அரிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. போரினால் இந்தியாவிலிருந்து போகும் அரக்குக்கு அமெரிக்காவில் கட்டுப்பாடு வந்தது. பழைய தட்டுகளை வாங்கி உருக்கிப் புதியது செய்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் இசைக்கலைஞர் சங்கம் பதிவு வேலைநிறுத்தம் தொடங்கியது.

தட்டே கிடைத்துவிட்டால், அரக்குத் தட்டில் ஆல்கஹால் படவே கூடாது, அரக்கைக் கரைத்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு போதும். லேபிள் நனையக் கூடாது. எல்பி ஊசியைப் போடாதீர்கள்: அது பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலைத்தான் எடுக்கும். 78-க்கு 3 மில், அதாவது 76 மைக்ரான் ஊசி வேண்டும். இரண்டு சேனலையும் மோனோவாகச் சேர்த்தால் இரைச்சல் இன்னும் குறையும்.

1925-க்கு முந்தையவை எல்லாம் சரியாக 78-இல் சுற்றியவை அல்ல. கொலம்பியாவின் பலவும் 80. பியானோவோடு ஒத்துப் பாருங்கள். சுருதி இரண்டு கட்டைகளுக்கு நடுவே தொங்கினால் வேகம் தப்பு. அரை ஸ்வரத்துக்கு ஏறத்தாழ நாலரை சுற்று என்று கணக்கு வைத்துத் திருத்தலாம்.