டச்சுப் பூ ஓவியங்களைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூச்சாடியை மேசைமேல் வைத்து, எதிரே உட்கார்ந்து, ஓவியர் பார்த்தபடியே வரைந்துவிட்டார் என்று நினைப்பதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. துலிப் ஏப்ரல், மே மாதங்களில் பூக்கும். திராட்சை பழுப்பதோ இலையுதிர் காலத்தில். பல ஓவியங்களில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அப்படி ஒரு சாடி எந்த வீட்டிலும் இருந்ததில்லை. ஓவியர் ஒவ்வொரு பூவையும் அதன் பருவத்தில் தனியாகப் பார்த்து, பிறகு ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்.

பதினெட்டாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் யான் வான் ஹைசும் இதில் பிடிவாதக்காரர். லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள அவருடைய 'சுடுமண் சாடியில் பூக்கள்' ஓவியத்தில் 1736, 1737 என இரண்டு ஆண்டுகள் எழுதியிருக்கின்றன. 1742இல், மஞ்சள் ரோஜா கிடைக்காததால் ஒரு படத்தை முடிக்க முடியவில்லை என்று கடிதமே எழுதினார். அந்த ஒரு ரோஜாவுக்காகக் காத்திருந்த மனிதரை நினைத்துக்கொண்டு பார்த்தால், சாடிக்குள் பல மாதங்கள் தெரியும்.

அடுத்தது, இந்தப் படங்களில் தெரியும் நீல இலைகள். "என்ன கற்பனை!" என்று வியக்காதீர்கள். நீலத்தின் மேல் மஞ்சள் சாயம் பூசித்தான் பல இலைகளுக்குப் பச்சை நிறம் கொண்டுவந்தார்கள். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் மங்கிப்போய், அடியில் இருந்த நீலம் மட்டும் மிஞ்சிவிட்டது. நாம் பார்ப்பது வெளுத்துப்போன படம்.

ஒவ்வொரு பூவுக்கும் ஒரு அகராதிப் பொருள் தேடுவதும் வேண்டாம். வாடும் இதழ் வாழ்வின் நிலையாமையைச் சொல்லலாம், மறுக்கவில்லை. ஆனால் அரிய துலிப்பை வாங்க முடியாதவருக்கும், வாங்கி வாடிப்போகப் பார்த்தவருக்கும், அந்தப் பூ படத்தில் நிலைத்திருப்பதே பெரிய சந்தோஷம்.

இதையெல்லாம் பெண்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. டச்சுப் பெண் ஓவியர் ரேச்சல் ரூய்ஷின் அப்பா தாவரவியல் பேராசிரியர். பதப்படுத்திய உயிரினங்களைச் சேகரித்தவர். அந்த வீட்டில் வளர்ந்த கண் அவருக்கு. அவர் படங்களில் பூவை விட்டுவிட்டுக் கீழ்ப்பக்கம் பாருங்கள்: இலையில் புழு அரித்த ஓட்டை, அதன் விளிம்பில் பழுப்பேறிய கோடு, காம்பில் ஏறும் பூச்சி. பத்துப் பிள்ளைகளைப் பெற்றவர், ஜெர்மனியின் டுசல்டார்ஃப் அரசவைக்கு ஓவியராக இருந்தவர், 1747இல் 83 வயதிலும் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. அந்த ஆண்டு வரைந்த படத்தில் பெயரோடு வயதையும் எழுதியிருக்கிறார்.