பழைய .303 லீ-என்பீல்ட்: மாற்றுவதா, இருந்தபடியே வைத்திருப்பதா?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இராணுவங்கள் மலிவாக விற்றுத் தள்ளிய .303 லீ-என்பீல்ட் ரைபிள்கள் கனடாவில் இன்னமும் மான் வேட்டைக்குப் போகின்றன. ரொறொன்ரோவுக்கு மேற்கே, இன்றைய மிசிசாகாவில் இருந்த லோங் பிராஞ்ச் தொழிற்சாலை 1941 முதல் இந்த ரைபிளின் நம்பர் 4 வகையை ஒன்பது இலட்சத்துக்கும் மேலாகச் செய்து கொடுத்தது. வட கனடாவின் றேஞ்சர் படையினர் 1947 இலிருந்து அண்மைய ஆண்டுகள் வரை அதையே சுமந்தார்கள். ஆகவே உரிமம் பெற்றுப் புதிதாக வேட்டைக்குப் போகத் தொடங்கும் ஒருவரின் கைக்கு முதலில் வரும் ரைபிள் இதுவாக இருப்பது வியப்பில்லை. வந்த கையோடு எழும் கேள்வியும் ஒன்றுதான்: முன்கட்டையை (குழலைத் தாங்கும் முன்பக்க மரம்) வெட்டி, ஸ்கோப் பூட்டி, எடையைக் குறைத்து இதை ஒரு வேட்டை ரைபிளாக ஆக்கிவிடலாமா?

இதற்கு விடை தேடும்போது ரசனையை ஒரு பக்கம் வைத்துவிட்டு இரண்டு விடயங்களைப் பார்க்க வேண்டும். கையில் இருக்கும் ரைபிள் ஏற்கெனவே எவ்வளவு வெட்டுப்பட்டது என்பது ஒன்று. செய்ய நினைக்கும் மாற்றத்தை ஒரு திருப்புளியால் கழற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியுமா என்பது மற்றது.

முதலில் ரைபிளை அடையாளம் காண வேண்டும். தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்த பின், போல்ற்றின் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் எஃகுத் துண்டு) கைப்பிடியின் பின்புறத்தில் பொறித்த இலக்கத்தையும், அது ஓடும் எஃகு உடலின் இடப்புறத்தில் உள்ள இலக்கத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்து, முன்கட்டை குழலின் நுனியை நெருங்கும்வரை முழுமையாக ஓடி, உடலில் பிற்காலத்தில் துளைத்த துளை ஏதும் இல்லாவிட்டால், உங்களிடம் இருப்பது தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே உள்ள இராணுவ ரைபிள். 1950களிலும் 60களிலும் இவை மலிந்து கிடந்த காலத்தில் வெட்டியவர்களைக் குறை சொல்ல முடியாது. அன்று அது சிக்கனமான வழி. ஆனால் அத்தனை பேர் வெட்டியதால்தான் இன்று வெட்டுப்படாதது அருமையாகி, வெட்டியதைவிடக் கூடிய விலைக்குப் போகிறது. இப்போது அதை வெட்டுகிறவர் தன் பணத்தைச் செலவிட்டு ரைபிளின் விலையைத் தானே குறைக்கிறார். உடலின் இடப்பக்கச் சுவரில் ஆங்கில ‘T’ எழுத்தும், ஸ்கோப் பொருத்துவதற்கான இரண்டு எஃகுத் தட்டுகளும், பின்கட்டையின் கழுத்தில் ஸ்கோப்பின் இலக்கமும் இருந்தால் திருப்புளியைக்கூட எடுக்காதீர்கள். அது குறிசூட்டு வீரருக்கென ஆயத்தம் செய்த ரைபிளாக இருக்கலாம். போலிகளும் உண்டு என்பதால், தெரிந்த ஒருவரிடம் காட்டிய பிறகே அடுத்ததை யோசிக்க வேண்டும்.

வெட்டுவதைப் பற்றி யோசிப்பதற்கு முன் சுட்டுப் பார்க்க வேண்டும். சுடுவதற்கு முன் துப்பாக்கி பழுதுபார்க்கும் தேர்ந்தவர் ஒருவரிடம் கொடுத்துத் தோட்டா அறையின் இடைவெளியை (பூட்டிய போல்ற்றுக்கும் குழலின் பின்முனைக்கும் இடையிலானது) அளவுகோல் கொண்டு சரிபார்க்க வேண்டும். நம்பர் 4 இல் இந்த இடைவெளியைப் போல்ற்றின் முனையில் திருகியிருக்கும் தலைத்துண்டு தீர்மானிக்கிறது; அது 0 முதல் 3 வரை இலக்கமிட்ட வெவ்வேறு நீளங்களில் வந்தது. போல்ற் மாறிப்போன ரைபிள்களில் இது ஒத்துவராமல் போவதுண்டு. லோங் பிராஞ்ச் ரைபிள்களில் பெரும்பாலானவை மார்க் 1 நட்சத்திரம் என்ற வகையைச் சேர்ந்தவை. அவற்றில் போல்ற்றைக் கழற்றுவதற்காக அது ஓடும் தடத்தில் ஒரு வெட்டு இருக்கும். அந்த வெட்டின் விளிம்பு உடைந்திருந்தால் போல்ற்றின் தலை தடத்தைவிட்டு எகிறும். எந்த அலங்கார வேலைக்கும் முன் பார்க்க வேண்டிய இடம் அது.

சுடுதளத்தில் செய்ய வேண்டியது பொறுமையான வேலை. பழைய இராணுவத் தோட்டாக்களை விட்டுவிட்டு, கடையில் கிடைக்கும் புதிய தோட்டாக்களில் குண்டின் எடை 150 கிறெயின், 180 கிறெயின் என இரண்டு மூன்று வகைகளை வாங்கிக்கொள்ளுங்கள். மணல் மூட்டையில் முன்கட்டையை வைத்து, 100 யார் தூரத்தில், வகைக்கு ஐந்து தோட்டாக்களாக, இடையிடையே குழலை ஆறவிட்டுச் சுடுங்கள். வேறொரு நாளில் அதையே மறுபடியும் செய்யுங்கள். ஆறிய குழலில் இருந்து போகும் முதல் தோட்டா எங்கே விழுகிறது என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்வது மிகவும் முக்கியம், ஏனெனில் மானின் மீது சுடப்போவது அந்தத் தோட்டாவைத்தான். போர்க்காலக் குழல்களின் உள்விட்டம் (உள்ளே சுழன்று ஓடும் பள்ளங்களின் அடியில் அளந்தது) ஒரே சீராக இருக்கவில்லை, 0.311 அங்குலத்தில் இருக்க வேண்டியது சிலவற்றில் 0.315 வரை போயிருக்கும். இத்தகைய குழலில் அடிப்பகுதி தட்டையான குண்டு நன்றாகப் போகும், அடி குறுகிய குண்டு சிதறும். தோட்டாப் பெட்டியை மாற்றியதும் சிதறல் பாதியாகிவிட்டால் ரைபிளில் குறை ஏதும் இருந்திருக்கவில்லை.

இரும்புக் குறிநோக்கியோடு 100 யாரில் ஐந்து தோட்டாக்களும் மூன்று நான்கு அங்குலத்துக்குள் விழுந்தால் இந்த ரைபிள் தன் கடமையைச் செய்கிறது என்று கொள்ளலாம். மானின் நெஞ்சுப் பகுதி அதைப்போல் இரு மடங்கு அகலம். ஒன்ராறியோவின் புதர்க்காடுகளில் 100 யாருக்கு அப்பால் சுட வாய்ப்புக் கிடைப்பதே குறைவு என்னும்போது, ஒரு அங்குலத்துக்குள் விழ வேண்டும் என்று மாற்றங்களுக்குச் செலவழிப்பது தாளில் சுடுவதற்கே உதவும். அதுவே உங்கள் நோக்கமானால் வேறு ரைபிள் வாங்குவது மேல்.

சிதறல் அதைவிட அதிகமாக இருந்தால் மரத்தைப் பாருங்கள். இந்த ரைபிளில் முன்கட்டை வெறும் கைப்பிடி அன்று. அதன் பின்முனை உடலோடு இறுக்கமாகப் பொருந்த வேண்டும். அதன் நுனி, குழலைக் கீழிருந்து சில இறாத்தல் விசையோடு மேல்நோக்கித் தாங்க வேண்டும். முக்கால் நூற்றாண்டாக உலர்ந்த மரம் சுருங்கி, இந்த இரண்டு இடங்களிலும் தளர்ந்திருக்கும். முன்கட்டையின் நுனியில் குழலுக்கும் மரத்துக்கும் இடையில் ஒரு காகிதத் துண்டைச் செருகி இழுங்கள்: அது தடையின்றி வழுக்கிக்கொண்டு வந்தால் தாங்கல் போய்விட்டது. முன்கட்டையைப் பாதியில் வெட்டினால் எடை குறையும், பார்வைக்கும் வேட்டை ரைபிள் போல இருக்கும். ஆனால் குழல் எதை நம்பி அமைக்கப்பட்டதோ அந்தத் தாங்கலும் வெட்டிய துண்டோடு போய்விடும். வெட்டிய ரைபிள் நன்றாகச் சுட வேண்டுமானால் எஞ்சிய மரத்தைக் குழலைத் தொடாதபடி குடைந்து, பின்முனையை எபொக்சிப் பசையால் புதிதாகப் படியவைக்க வேண்டியிருக்கும். தளர்ந்த முன்கட்டையைச் சரிசெய்வதோ மெல்லிய மரச்சில்லுகளை ஒட்டுகிற வேலை; நல்ல கைகாரர் அதை வெளியே தெரியாமல் முடித்துவிடுவார்.

விரலால் இழுத்துச் சுடும் விசையும் இந்த மரத்தோடு சம்பந்தப்பட்டதுதான். மார்க் 1 வகைகளில் விசை உடலில் தொங்காமல் அடியிலுள்ள விசைக்காப்பில் பூட்டப்பட்டிருக்கிறது. மரம் சுருங்கினால் விசையின் இழுப்பும் மாறும். 1940களின் இறுதியில் வந்த மார்க் 2 இல்தான் அதை உடலிலேயே தொங்கவிட்டார்கள். இராணுவ அளவின்படி முதற்கட்ட இழுப்பு 3 முதல் 4 இறாத்தல், இரண்டாம் கட்டம் 5 முதல் 6½ இறாத்தல். புதிய ரைபிள்களுக்குப் பழகிய விரலுக்கு இது கனமாகத் தெரியும், ஆயினும் இரண்டு கட்டங்களும் தெளிவாகப் பிரிந்து உணரப்படுகிற விசைக்கு விரல் விரைவில் பழகிவிடும். அரத்தை எடுத்து விசையின் முனையைத் தேய்ப்பது மட்டும் கூடாது. தேய்த்ததை ஒட்ட முடியாது என்பதோடு, போல்ற்றைச் சற்று வேகமாகத் தள்ளினாலே வெடிக்கும் ரைபிள் ஒன்று உங்கள் கையில் இருக்கும். மரத்தைச் சரிசெய்த பிறகும் இழுப்பு மோசமாக இருந்தால் அது பழுதுபார்ப்பவரின் மேசைக்குப் போக வேண்டிய வேலை.

ஸ்கோப் விடயத்தில் எனக்கு அவ்வளவு பிடிவாதம் இல்லை. நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு இரும்புக் குறிநோக்கி மங்கலாகத் தெரியும். மங்கலாகப் பார்த்துச் சுட்டு மானைக் காயப்படுத்துவதைவிட ஸ்கோப் வைப்பது நல்லது. உடலில் துளையிடாமல், பின்குறிநோக்கியைக் கழற்றிவிட்டு அதன் ஆணித் துளையையும் இடப்பக்கத்தில் உள்ள சிறு திருகையும் பிடித்துக்கொண்டு நிற்கும் தாங்கிகள் நம்பர் 4 க்குக் கிடைக்கின்றன. இவற்றில் ஸ்கோப் சற்று உயரமாக அமர்வதால் கன்னம் கட்டையை எட்டாது. பின்கட்டையில் நாடாவால் கட்டும் ஒரு கன்னத் திண்டு அதைத் தீர்க்கும். துளையிட்டுப் பூட்டுவது உறுதியாக இருக்கும் என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் எஃகில் போட்ட துளை என்றைக்கும் துளைதான்.

கட்டை நீளம் ஒத்துவரவில்லை என்று பின்கட்டையை அறுக்க நினைப்பவர்களும் உண்டு. இராணுவமே இதே கட்டையை வீரரின் உடல்வாகுக்கேற்ப வெவ்வேறு நீளங்களில் வழங்கியது. கட்டையின் மேல் பொறித்த எழுத்து எந்த நீளம் என்பதைச் சொல்லும். குள்ளமான கட்டை ஒன்றைத் தேடி வாங்கி மாற்றிவிட்டு, கழற்றியதை எடுத்துவைக்கலாம். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பழைய நம்பர் 1 வகையிலும் இந்தியாவின் இஷாப்பூர் தொழிற்சாலை செய்த ரைபிள்களிலும் முன்கட்டையைக் கழற்றாமல் பின்கட்டையின் நீண்ட திருகைத் திருப்பினால், அதன் சதுர முனை முன்கட்டையின் பின்முனையைப் பிளந்துவிடும்.

இனி, ஏற்கெனவே வெட்டப்பட்ட ரைபிள். கனடாவில் விற்பனைக்கு வருவதில் பெரும்பகுதி இதுதான். முன்கட்டை மட்டும் வெட்டுப்பட்டு, குழல் அதன் முழு நீளமான ஏறத்தாழ 640 மில்லிமீற்றரும் அப்படியே இருந்தால், பழைய முன்கட்டையும் வளையங்களும் தேடி வாங்கி மீட்டெடுக்கலாம். உதிரிகளின் விலையைக் கூட்டிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள், ஏனெனில் பல நேரங்களில் அந்தத் தொகைக்கு முழு ரைபிளே கிடைத்துவிடும். குழலும் வெட்டுப்பட்டு உடலும் துளைபட்டிருந்தால் மீட்பதில் பொருள் இல்லை. தயக்கமின்றி மாற்றக்கூடிய ரைபிள் அதுதான்: எபொக்சிப் படிவம், செயற்கைக் கட்டை, இறப்பர் அடித்தட்டு, ஸ்கோப் என்று வேட்டைக்குத் தேவையான எல்லாவற்றையும் அதில் செய்யலாம், யாரும் வருந்த வேண்டியதில்லை. பார்க்கர்-ஹேல் போன்ற நிறுவனங்கள் தாமே வேட்டைக்கென மாற்றி விற்ற ரைபிள்கள் மட்டும் விலக்கு; அவற்றுக்கும் இப்போது விரும்பிச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள்.

குழலைக் குறுக்குவது பற்றிச் சட்டம் சொல்வதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கனடாவில் ஒரு ரைபிளை வெட்டிக் குழலின் நீளம் 457 மில்லிமீற்றருக்கோ மொத்த நீளம் 660 மில்லிமீற்றருக்கோ குறைந்தால் அது தடைசெய்யப்பட்ட ஆயுதமாகிவிடும், வைத்திருப்பதே குற்றம். அந்த எல்லைக்கு மேலே வெட்டச் சட்டம் இடம் கொடுத்தாலும், குண்டின் வேகம் குறைந்து வெடியோசையும் தீப்பிழம்பும் கூடுவதைத் தவிர இந்தத் தோட்டாவில் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. வேறு நாட்டில் இருப்பவர்கள் அந்நாட்டு எல்லைகளைக் காவல் துறையிடமோ உரிமம் பெற்ற வணிகரிடமோ முதலில் கேட்டறிய வேண்டும்.

எந்த மாற்றம் செய்தாலும் கழற்றிய குறிநோக்கி, திருகு, வளையம், கட்டை அனைத்தையும் எண்ணெய் தடவி ஒரே பெட்டியில் போட்டு, ரைபிளின் இலக்கத்தை அதன்மேல் எழுதி வையுங்கள். மரத்தை மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல், உலர்ந்த இடத்தில் தட்டையாகக் கிடத்த வேண்டும். சாய்த்து வைத்தால் வளைந்துவிடும். ரைபிளை விற்கும் நாளில் அந்தப் பெட்டியும் கூடவே போக வேண்டும்.